உங்களுக்குத் தெரியுமா? நீளும் தகட்டுக்குள் பிறக்கும் ஓட்டைகள்

5083 என்ற அலுமினியக் கலவைத் தகட்டைச் சாதாரண வெப்பநிலையில் இழுத்தால், கால்பங்கு நீள்வதற்குள் அறுந்துவிடும். அதையே மிக நுண்ணிய படிக மணிகள் கொண்டதாகத் தயாரித்து, சுமார் 500 டிகிரி செல்சியஸில் நிதானமாக இழுத்தால் ஜவ்வு மிட்டாய்போல இரண்டு, மூன்று மடங்கு நீளும்! அப்போது மணிகள் அதிகம் உருமாறுவதில்லை. ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி இடம் மாறுகின்றன.

ஆபத்தும் அந்த வழுக்கலில்தான். மணிகளின் எல்லையில் மாங்கனீசு கலந்த கடினத் துகள்கள் உட்கார்ந்திருக்கும். வழுக்கல் அங்கே தடைபட, துகளை விட்டு உலோகம் பிரிந்து கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழுகிறது. ஓட்டைகள் வளர்ந்து கைகோக்கும்போது தகடு அறுகிறது, அதுவும் இடுப்பு சிறுத்து மெலியாமலே. அறாத தகட்டையும் நம்பிவிட முடியாது. வெளியே பளபளப்பாக இருக்கும். வெட்டி, மெருகேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் கறுப்புப் புள்ளிகள். வலிமையும், அடிக்கடி மாறும் சுமையைத் தாங்கும் ஆயுளும் குறைந்திருக்கும்.

இதற்குக் கண்ட தீர்வு அபாரமானது. சூடான தகட்டை வாயு அழுத்தத்தால் அச்சுக்குள் தள்ளி வடிவம் தரும்போதே, மறுபக்கத்திலிருந்தும் சற்றுக் குறைவான அழுத்தம் தருகிறார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தகட்டை வளைக்கிறது. இருபுற நெருக்கலோ ஓட்டைகளை வளரவிடாமல் அமுக்குகிறது. சூடான தகட்டுக்கு வாயுவால் வடிவம் தரும் முறை விலை குறைவான காருக்கும் வந்துவிட்டது: 2004 மாடல் ஷெவர்லே மாலிபு மேக்ஸின் அலுமினியப் பின்கதவை ஜெனரல் மோட்டார்ஸ், இந்த முறையின் வேகமான வடிவத்தில்தான் செய்தது.