மணற்பையும் துப்பாக்கிக் குறியும்

குறி தவறும்போது பிழை துப்பாக்கியினுடையதா, சுடுபவருடையதா என்று பிரித்தறிதல் எளிதன்று. கை நடுங்கும், மூச்சும் இதயத் துடிப்புங்கூடக் குழல்முனையை அசைத்துவிடும். இவ்வசைவை இயன்றமட்டும் அடக்கிக் கருவியை மட்டும் சோதித்தற்கு நாம் நாடுவது மணற்பை.

கெட்டியான கித்தான் துணியை இரட்டைத் தையலிட்டு, சலித்து உலர்த்திய மணலை முக்காற்பங்கு நிரப்பினால் போதும். முட்ட நிரப்பிய பை கல்லைப் போலாகித் துப்பாக்கியைத் துள்ளச் செய்யும். ஈரமணலோ துணியையே மக்கச் செய்துவிடும்.

சுடுதளத்தில் தோட்டா இடாத துப்பாக்கியையே முதலில் அமர்த்துவோம். பெரிய பை முன்கட்டையின் கீழ் இருத்தல் வேண்டும். குழல் பையின்மேல் படலாகாது. பட்டால் அதன் அதிர்வு மாறிக் குண்டு வேறிடம் செல்லும். புதியவர் பலர் தவறுவது இங்கேதான். சிறிய பை பின்கட்டைக்குரியது. அதனை இடக்கையால் பிசைந்தால் பின்கட்டை உயர்ந்து குறி தாழும்; தளர்த்தினால் குறி ஏறும்.

ஒலிம்பிக் ரைபிள் போட்டிகளில் இத்தாங்கலுக்கு இடமில்லை. 2024இல் பாரிசில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்ற 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில், மண்டியிடும் நிலையில் மட்டும் கணுக்காலின் கீழ் ஓர் உருளைப் பை வைத்துக்கொள்ளலாம். அது தாங்குவது ஆளை, துப்பாக்கியை அன்று. அதன் நீளம் 25 சென்டிமீட்டரையும் விட்டம் 18 சென்டிமீட்டரையும் மிகலாகாது.