ஏரிக்கும் கணக்கு வேண்டும்!

கும்மிடிப்பூண்டி உருக்காலையிலே ஒரு ஷிப்டு முடிகிறது. எத்தனை டன் இரும்பு உருகிற்று, எத்தனை யூனிட் மின்சாரம் செலவாயிற்று, எவ்வளவு தேறிற்று, எவ்வளவு கழிந்தது என்று அத்தனைக்கும் ஏட்டிலே கணக்கு உண்டு. தொழிலாளி பத்து நிமிடம் பிந்தி வந்தால் அதற்கும் கணக்கு உண்டு! முதலாளி கணக்கில்லாமல் ஒரு காசு விடமாட்டான். விட்டால் ஆலை நடக்காது.

அந்த ஆலைகளுக்குக் கிழக்கே, வங்கக் கடலை ஒட்டி, பழவேற்காடு ஏரி கிடக்கிறது. ஒடிசாவின் சில்கா ஏரிக்கு அடுத்தபடி இந்தியாவிலே பெரிய உவர்நீர் ஏரி அது. பெரும் பகுதி ஆந்திரத்தில். தென்பகுதி நம் திருவள்ளூர் மாவட்டத்தில். நம் பக்கத்திலே 153.67 சதுர கிலோமீட்டரைப் பறவைகள் சரணாலயம் என்று 1980 ஆம் ஆண்டில் அறிவித்தார்கள். பலகை நட்டார்கள். கன்று நட்டார்கள். காவலர் வந்தனர், திட்டங்கள் வந்தன, ரூபாயும் வந்தது.

வந்ததெல்லாம் சரி. விளைந்தது என்ன? இந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை நமக்கு உண்டா, இல்லையா?

"பறவைக் கணக்கு நமக்கெதற்கு? கூலிக் கணக்கு பார்க்கவே நேரமில்லையே!" என்று தோழர்கள் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் சிந்திக்க வேண்டும். சரணாலயத்துக்கென்று தனியாகச் சுற்றெல்லை வகுக்கப்படாத இடத்தில், 10 கிலோமீட்டருக்குள் வரும் பெரிய திட்டங்கள் தேசிய வனவிலங்கு வாரியத்தின் நிலைக்குழுவிடம் அனுமதி பெற வேண்டும் என்ற ஏற்பாடு இருந்து வந்திருக்கிறது. 2022 ஜூன் மாதத்தில் உச்சநீதிமன்றம், ஒவ்வொரு சரணாலயத்தைச் சுற்றியும் குறைந்தது ஒரு கிலோமீட்டர் காப்பு வளையம் வேண்டும் என்றது. 2023 ஏப்ரலில் அதே நீதிமன்றம், எல்லா இடத்துக்கும் ஒரே அளவு பொருந்தாது என்று அந்த ஆணையைத் திருத்தியது. இந்த எல்லைக்கோடு எங்கே விழுகிறதோ, அதைப் பொறுத்தே ஆலை வருவதும் வராததும், மீனவன் வலை வீசுவதும் வீசாததும்!

ஆகவேதான் ஒருவன் வந்து தொழிலாளியிடம் சொல்கிறான்: "உன் வேலைக்குக் குறுக்கே நிற்பது பறவை." இன்னொருவன் போய் மீனவனிடம் சொல்கிறான்: "உன் ஏரியைக் கெடுத்தது ஆலைத் தொழிலாளி." இருவரிடமும் கணக்கு இல்லை! கணக்கில்லாத இடத்திலேதான் உழைப்பவனுக்கும் உழைப்பவனுக்கும் சண்டை மூட்டிவிட முடியும்.

செலவு வேறு, விளைவு வேறு

ஒரு காப்புத் திட்டம் முடிந்ததும் அறிக்கை எழுதுகிறார்கள். இத்தனை ஆயிரம் அலையாத்திக் கன்றுகள் நடப்பட்டன. இத்தனை கிலோமீட்டர் வேலி போடப்பட்டது. இத்தனை லட்சம் செலவழிந்தது. இவை யாவும் போட்ட முதலின் கணக்கு. விளைவின் கணக்கு ஆகாது. உலையில் போட்ட கரியை எண்ணிவிட்டு, "இவ்வளவு இரும்பு செய்தோம்" என்று எவனாவது சொன்னால் ஆலையிலே சிரிக்க மாட்டார்களா?

உலக அளவில் இதை எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் 2000 ஆம் ஆண்டிலே ஒரு முறையை வகுத்தது. இடத்தின் நிலை, திட்டம், போட்ட முதல், வேலை நடந்த விதம், முடித்த பணிகள், இறுதியில் கண்ட விளைவு என ஆறு படிகள். நம் நாட்டிலும் 2006 முதல் தேசியப் பூங்காக்களையும் சரணாலயங்களையும் இந்த வழியில் மதிப்பிட்டு, மிக நன்று, நன்று, சுமார், மோசம் என்று தரம் பிரிக்கிறார்கள். வரவேற்போம். ஆனால் ஆறு படிகளிலே முதல் ஐந்தும் அலுவலகத்திலேயே பார்த்து மதிப்பெண் போடக்கூடியவை. ஆறாவது படி ஒன்றுதான் சேற்றில் இறங்கிப் பார்க்க வேண்டியது. மீன் பெருகிற்றா, பறவை தங்கிற்றா, தண்ணீர் தெளிந்ததா என்பது அங்கேதான் தெரியும். மற்ற ஐந்துக்கும் முழு மதிப்பெண் வாங்கி, ஆறாவதிலே கோட்டைவிட்ட திட்டத்தை வெற்றி என்று எப்படிச் சொல்வது?

முதற் கேள்வி: முன்பு என்ன இருந்தது?

கூலி உயர்வு கேட்கும்போது பழைய கூலி என்னவென்று தெரியாமல் பேச முடியுமா? அதுபோலத்தான் இதுவும். திட்டம் தொடங்குமுன் ஏரியின் ஆழம் என்ன, உப்பு எவ்வளவு, ஒரு வலைக்கு இறால் எவ்வளவு விழுந்தது, முகத்துவாரம் ஆண்டிலே எத்தனை நாள் திறந்திருந்தது? இந்த இருப்புக் கணக்கை எழுதாமல் வேலை தொடங்கினால், பின்னால் எதையும் வெற்றி எனலாம். எதையும் தோல்வி எனலாம்!

முகத்துவாரத்தையே எடுத்துக்கொள்வோம். கடலும் ஏரியும் மூச்சு விட்டுக்கொள்ளும் வாய் அது. மணல் அடைத்துவிட்டால் கடலிலிருந்து இறால் குஞ்சு உள்ளே வராது. கோடையில் ஏரித் தண்ணீர் உப்பேறிச் சுண்டும். படகும் கடலுக்குப் போகாது. அதைத் திறந்து வைக்க நேர்கல் சுவர் எழுப்பினால், சுவர் எத்தனை மீட்டர் நீளம் என்பது கணக்கல்ல. சுவருக்கு முன்பு வாய் எத்தனை நாள் திறந்திருந்தது, பின்பு எத்தனை நாள் என்பதே கணக்கு.

இரண்டாவது கேள்வி: வேறு இடத்தில் என்ன நடந்தது?

ஒரு ஜனவரியில் வனத்துறையின் கணக்கெடுப்பு நடக்கிறது. சென்ற ஆண்டைவிடப் பறவை கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். திட்டம் வென்றதா? அவசரப்படக் கூடாது! பருவமழை பொய்த்து மற்ற ஏரிகள் வறண்டதால், வேறு போக்கிடம் இல்லாமல் பறவைகள் இங்கே குவிந்திருக்கலாம். அடுத்த ஆண்டு நல்ல மழை. ஊருக்கு ஊர் ஏரி நிரம்புகிறது. பறவை பிரிந்து போகிறது. இங்கே எண்ணிக்கை குறைகிறது. திட்டம் தோற்றதா? அதுவும் இல்லை! ஆகவே திட்டம் நடந்த ஏரியை மட்டும் எண்ணினால் போதாது. திட்டம் நடக்காத, அதைப் போன்ற இன்னோர் ஏரியையும் அதே நாளில் எண்ண வேண்டும். முன்னும் பின்னும், இங்கும் அங்கும் என்று நான்கு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உண்மை தெரியும். ஓர் எண் மட்டும் சொல்பவனிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

மூன்றாவது கேள்வி: வேலிக்கு அப்பால் என்ன?

ஆந்திரத்தில், சூளூர்ப்பேட்டைக்கு வடக்கே நேலப்பட்டு என்றோர் ஊர். அங்கே நாலரைச் சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான சிறிய சரணாலயம். கூழைக்கடாக்கள் அங்கே மரத்தில் கூடு கட்டுகின்றன. ஆனால் குஞ்சுக்கு இரை தேடிப் பறப்பது பழவேற்காட்டு ஏரிக்கு! படுக்கை ஓரிடம், சோறு வேறிடம். நேலப்பட்டு வேலிக்குள் எல்லாம் செம்மையாக இருந்தாலும், பழவேற்காட்டில் மீன் செத்தால் நேலப்பட்டில் குஞ்சு சாகும். சிறிய சரணாலயத்தின் உயிர் அதன் எல்லைக்கு வெளியே இருக்கிறது.

நம் ஏரிக்கும் அப்படியே. ஆரணியாறு ஆந்திர மலையில் பிறந்து, பெரியபாளையம், பொன்னேரி வழியாக வந்து தென்கோடியில் கலக்கிறது. காளங்கியாறு சூளூர்ப்பேட்டை வழியாக வருகிறது. ஆற்றில் மணல் அள்ளினாலும், கழிவு விட்டாலும், அணை கட்டித் தடுத்தாலும் ஏரிதான் ஏற்கும். சரணாலயக் கல்லுக்கு உள்ளே மட்டும் நின்றுகொண்டு "எல்லாம் நலம்" என்று எழுதுவது, வீட்டுக் கதவைத் தாழிட்டுக்கொண்டு "ஊரிலே வெள்ளம் இல்லை" என்பது போன்றது.

நான்காவது கேள்வி: சுமை யார் தலையில்?

வேடந்தாங்கலைப் பாருங்கள். சுமார் 30 ஹெக்டேர் ஏரி, அவ்வளவுதான். துப்பாக்கி கொண்டு வந்து பறவை சுட்ட வெள்ளைச் சிப்பாய்களை எதிர்த்துக் கிராமத்தார் திரண்டு, 1798 இல் கலெக்டர் லயனல் பிளேசிடம் உத்தரவு வாங்கினார்கள் என்பது வரலாறு. ஏன் திரண்டார்கள்? பறவையின் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரமாயிற்று. பறவை வாழ்ந்தால் பயிர் வாழும். பயிர் வாழ்ந்தால் ஊர் வாழும். காப்பதிலே காப்பவனுக்குப் பங்கு இருந்தது. 2020 இல் அந்தச் சரணாலயத்தின் ஐந்து கிலோமீட்டர் சுற்றளவை மூன்றாகக் குறைக்க யோசனை கிளம்பியபோது, எதிர்ப்பு எழுந்து, அந்த யோசனை கைவிடப்பட்டது. இரு நூற்றாண்டுக்கு மேல் நீடித்த காவல் இது!

பழவேற்காட்டிலும் காவல் முறை இருந்தது, இருக்கிறது. பட்டினவர் மீனவரிடையே "பாடு" என்ற ஏற்பாடு. யார், எந்த நாளில், ஏரியின் எந்த இடத்தில் வலை போடுவது என்று ஊர் கூடி முறை வைக்கிறார்கள். ஒருவனே நல்ல இடத்தை வளைத்துக்கொள்ள முடியாது. அதற்குள் நுழைய முடியாத உழைப்பாளர்களும் ஏரிக்கரையில் உண்டு. அந்தக் குறையையும் மறைக்கக் கூடாது. ஆனால் மீனவனைக் கலந்துகொள்ளாமல் அவன் மீது மட்டும் தடை விதிக்கும் திட்டம், இருக்கும் காவலையும் அழித்துவிட்டுப் போகும்.

ஒரு தீர்ப்பு சொல்லும் பாடம்

1990களில் கடலோரமெங்கும் இறால் பண்ணைகள் முளைத்தன. சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் உச்சநீதிமன்றம் சென்றார். 1996 டிசம்பர் 11 அன்று தீர்ப்பு வந்தது. சில்கா, பழவேற்காடு இரண்டு ஏரிகளையும் பெயர் சொல்லியே குறிப்பிட்டு, அவற்றிலிருந்து 1,000 மீட்டருக்குள் இறால் பண்ணை கூடாது என்றது அத்தீர்ப்பு. அதோடு நிற்கவில்லை! மூடப்படும் பண்ணைகளில் ஓராண்டேனும் தொடர்ந்து வேலை செய்த தொழிலாளர்களுக்குத் தொழில் தகராறு சட்டப்படி நட்டஈடும், அதற்கு மேல் ஆறு ஆண்டுக் கூலியும் தரவேண்டும் என்றது.

தோழர்களே, இதைக் கவனியுங்கள். ஏரியைக் காக்கும் செலவைத் தொழிலாளியின் வயிற்றில் வைக்காதே, இலாபம் தின்றவன் தலையில் வை என்று நாட்டின் உயர்ந்த நீதிமன்றமே சொல்லிற்று! "பறவையா, பிழைப்பா?" என்று கேட்பவருக்கு இதைவிட வேறென்ன பதில் வேண்டும்? பிறகு என்ன நடந்தது? 2005 இல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தை இயற்றிற்று. தீர்ப்பின் பிடி தளர்ந்தது. தீர்ப்பு வந்த நாளில் ஏரி எப்படி இருந்தது, சட்டம் வந்த நாளில் எப்படி இருந்தது என்று ஊரார் கையிலே ஓர் ஏடு இருந்திருந்தால், அந்தத் தளர்வை எதிர்த்துப் பேச அதுவே ஆயுதமாக இருந்திருக்கும் அன்றோ?

இனி வரும் சோதனையும் சிறியதல்ல. காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,000 ஏக்கருக்கு மேல் விரிக்கும் யோசனைக்காக 2021 ஜனவரி 22 ஆம் நாள் என்றும், பிறகு 2023 செப்டம்பர் 5 ஆம் நாள் என்றும் மக்கள் கருத்துக் கேட்புக்கு நாள் குறித்து, இருமுறையும் தள்ளி வைத்தார்கள். கடலரிப்பால் ஏரியின் மணல் கரை உடையும் என்று அஞ்சுகிறார்கள் மீனவர்கள். அஞ்ச வேண்டாம் என்கிறார்கள் துறைமுகத்தார். இத்தகைய கூட்டம் எப்போது கூடினாலும், வெறுங்கையோடு போகிறவன் குரல் கரையில் அடிக்கும் அலைபோல் வந்த இடத்துக்கே திரும்பும். கணக்கோடு போகிறவன் குரல்தான் கோப்பில் ஏறும்.

செய்ய வேண்டியது

ஆகவே நாம் கேட்பது பெரிய காரியமல்ல. ஏரிக்கரை ஊராட்சி ஒவ்வொன்றிலும் ஒரு பேரேடு வையுங்கள். மாதந்தோறும் ஐந்து வரி எழுதுங்கள்: தண்ணீரின் உப்பு, முகத்துவாரம் திறந்திருந்த நாட்கள், ஒரு வலைக்கு விழுந்த மீன், இறால், நண்டு, வந்த பறவை, நட்ட கன்றில் இன்று உயிரோடு இருப்பவை. கன்று நட்ட நாளில் எடுத்த படம் வேண்டாம். மூன்று ஆண்டு கழித்து எண்ணுங்கள்! கரைப்பறவை இரை தேடும் திறந்த சேற்றுத் திட்டிலே கண்டல் நட்டு, பறவையை விரட்டிவிட்டு, "பசுமை" என்று பெயர் சூட்டவில்லையா என்றும் பாருங்கள்.

எண்ணுவது யார்? வனத்துறை அலுவலர் மட்டுமல்ல. வலை போடுகிற மீனவனும், பள்ளி ஆசிரியரும், மின்சார ரயிலேறி ஆலைக்கு வரும் தொழிலாளியும் சேர்ந்து எண்ணட்டும். ஆலையின் கழிவு எந்த ஓடையில் எப்போது போகிறது என்பதை ஆலைக்குள் இருப்பவனைவிட அறிந்தவன் யார்? அவன் வாய் திறந்தால் வேலை போகாது என்ற காப்பைச் சங்கம் தர வேண்டும். ஏரியைக் காக்கும் திட்டத்தில் அதுவும் ஓர் அங்கம். ஏன், முதல் அங்கம்!

வெளிநாட்டில் கூடிப் பேசினார்கள். 2030 க்குள் உலக நிலப்பரப்பிலும் கடற்பரப்பிலும் 30 விழுக்காட்டைக் காப்பது என்று 2022 டிசம்பரில் மாண்ட்ரியலில் முடிவு செய்தார்கள். நல்ல முடிவு. ஆனால் விழுக்காட்டை எட்டுவது எளிது. படத்திலே கோடு போட்டால் போதும். கோட்டுக்குள் உயிர் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் கடினம். அந்தக் கடினமான வேலையைப் பழவேற்காட்டுச் சேற்றில் இறங்கித்தான் செய்ய வேண்டும்.

கூலிக்குக் கணக்குக் கேட்கக் கற்றுக்கொண்டோம்; போனசுக்குக் கணக்குக் கேட்கக் கற்றுக்கொண்டோம். ஏரியும் நம் சொத்து. அதற்கும் கணக்குக் கேட்போம்!