உங்களுக்குத் தெரியுமா? போல்ட் தலையிலும் ‘எஃப்’!

இரண்டாம் உலகப் போருக்காக ஃபோர்டு செய்த ஜீப்பில், சின்னச் சின்ன போல்ட்டின் தலையில்கூட ‘எஃப்’ என்ற எழுத்து பொறிக்கப்பட்டிருக்கும்!

1941 முதல் 1945 வரை வில்லிஸ் நிறுவனமும் ஃபோர்டும் சேர்ந்து 6 லட்சத்துக்கும் அதிகமான ஜீப்புகளைச் செய்தன. ஒன்றின் பாகம் மற்றதில் பொருந்தும். அதனால்தான் இன்று அசலைக் கண்டுபிடிப்பது இவ்வளவு சுவாரஸ்யம்.

• துருவேறிய போல்ட்டை உடனே வீசிவிடக் கூடாது. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, கம்பி பிரஷால் மெல்லத் தேய்த்துப் பாருங்கள். ஆரணிப் பக்கம் கழற்றிய போல்ட், கும்மிடிப்பூண்டி உருக்காலைக்குப் போகும் பழைய இரும்போடு சேர்ந்துவிட்டால் தடயமும் போச்சு.

• ரேடியேட்டருக்குக் கீழே குனிந்து பாருங்கள். சேஸிஸின் முன் குறுக்குச் சட்டம் உருண்டைக் குழாய் என்றால் வில்லிஸ். கவிழ்த்த ‘ப’ வடிவம் என்றால் ஃபோர்டு.

• தகட்டை அச்சில் அழுத்திச் செய்த கிரில்லில் 9 திறப்புகள் இருந்தால் போர்க்கால ஜீப். பின்னால் வந்த சிவிலியன் சிஜே-2ஏ ரகத்தில் 7தான்.

• போர்க்கால ஜீப்பின் முகப்பு விளக்கை, திருகைத் தளர்த்தி என்ஜின் பக்கமே திருப்பலாம். இருட்டிலும் பழுது பார்க்கலாம். அருமையான ஏற்பாடு!

• மஹிந்திரா 1947-ல் வில்லிஸ் ஜீப்புகளை பம்பாயில் ஒருங்கிணைக்கத் தொடங்கியது. நம் ஊர்ச் சாலைகளில் பழகிப்போன அந்த உயரமான பானட், சிஜே-3பி ரகத்துக்கே உரியது. உயரம் கூடிய ஹரிக்கேன் என்ஜினை மூடுவதற்காகவே அதை அப்படித் தூக்கி வைத்தார்கள்.