நண்டு ஓடும் நல்ல தண்ணீரும்



பழவேற்காடு ஏரியிலே இடுப்பளவு நீரில் நின்று வலை இழுக்கும் மீனவனுக்கும், கிண்டி ஐ.ஐ.டி. ஆராய்ச்சிக்கூடத்திலே வெள்ளை அங்கி அணிந்து நிற்கும் விஞ்ஞானிக்கும் உறவு உண்டு என்று சொன்னால், "மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சா?" என்று சிரிப்பீர்கள். முடிச்சு இருக்கிறது. அது நண்டின் ஓட்டிலே இருக்கிறது!

இறாலையும் நண்டையும் உரித்துச் சதையை ஐஸில் அடுக்கியபின் ஓடு என்ன ஆகிறது? குவிகிறது, நாறுகிறது, ஈ மொய்க்கிறது. 100 கிலோ இறாலை உரித்தால் ஏறக்குறைய 40 கிலோ, தலையும் ஓடுமாகக் கழிகிறது. அந்தக் கழிவை அமிலத்தில் ஊறவைத்துச் சுண்ணத்தை நீக்கி, காரத்தில் வேகவைத்துப் புரதத்தை நீக்கினால் மிஞ்சுவது கைட்டின். அதையே கடுங்காரத்தில் மீண்டும் பக்குவப்படுத்தினால் கிடைப்பது கைட்டோசான். கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இந்த வித்தைக்கு நம் நாட்டிலே வழி வகுத்தது.

இந்தக் கைட்டோசானைக் கையில் எடுத்தவர்களில் ஒருவர்தான் ஐ.ஐ.டி. பேராசிரியர் பிரதீப். யார் அவர்? மாளிகையில் பிறந்தவரா? இல்லை. கேரளத்துச் சிற்றூர் ஒன்றிலே பள்ளி ஆசிரியர் இருவருக்கு மகனாய்ப் பிறந்து, அரசுப் பள்ளியில் தாய்மொழியாம் மலையாளத்திலே பாடம் கேட்டு வளர்ந்தவர். தாய்மொழியில் படித்தால் விஞ்ஞானம் மண்டையில் ஏறாது என்று இன்னமும் ஓதிக்கொண்டிருக்கிறார்களே சில மேதாவிகள், அவர்கள் காதில் இது விழட்டும்!

நானோ, நானோ என்கிறார்களே, என்ன அது? ஒரு மீட்டரை 100 கோடிக் கூறாக்கினால், அதில் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். வெள்ளியை அந்த அளவுக்குப் பொடியாக்கினால் அதன் குணமே மாறிவிடுகிறது. கட்டியாய்ச் சும்மா கிடந்த வெள்ளி, பொடியானதும் குளோரின் கலந்த நச்சுச் சேர்மங்களைச் சிதைக்கத் தொடங்குகிறது. 2003ஆம் ஆண்டளவில் பிரதீப்பும் அவர் மாணவரும் கண்ட இந்த உண்மை, குடிநீரிலிருந்து பூச்சிமருந்தை நீக்கும் வடிகட்டியாகி, 2007இல் கடைக்கு வந்தது.

அதோடு அவர்கள் நிற்கவில்லை. வெள்ளி கிருமியைக் கொல்லும். ஆனால் நீரிலுள்ள உப்பும் சுண்ணமும் வெள்ளித் துகள்மேல் படிந்து, நாளடைவில் அதன் வாயை அடைத்துவிடும். எனவே அலுமினியச் சேர்மத்தையும் கைட்டோசானையும் பின்னி ஒரு கூண்டு செய்தார்கள். அந்தக் கூண்டுக்குள் வெள்ளியை வைத்தார்கள். வெள்ளி அளவாய், ஓயாமல் கசிகிறது! உலை வேண்டாம், மின்சாரம் வேண்டாம், நீரிலேயே செய்யலாம். ஆற்றுமணல் போல இருக்கும். ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 2.5 டாலர், அதாவது அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 140 ரூபாய் செலவில் குடிநீர் தரலாம் என்று 2013இல் வெளிவந்த அவர்கள் கட்டுரை சொல்கிறது. அதே பாணியில் இரும்புச் சேர்மத்தைக் கூண்டிலிட்டு, ஆர்சனிக் நஞ்சைப் பிடிக்கும் 'அம்ரித்' பிறந்தது. மேற்கு வங்கத்தின் நஞ்சு ஊறிய கிணறுகளுக்குப் போயிற்று. 2020இல் பிரதீப்புக்குப் பத்மஸ்ரீ விருது.

2003க்கும் 2013க்கும் இடையே எத்தனை ஆண்டு? பத்து! விஞ்ஞானியின் வாழ்வு மெத்தைமேல் படுத்து யோசிக்கும் வாழ்வன்று. பகலில் வகுப்பு, இடையில் நிதி கேட்டு விண்ணப்பம், இரவில் ஆராய்ச்சிக்கூடம். ஆராய்ச்சி மாணவன் ஐந்தாறு ஆண்டு உதவித்தொகையை நம்பி நிற்கிறான். அதுவும் சிலபோது மாதம் தவறி வரும். பல சோதனைகள் பொய்க்கும். வெறும் வலையோடு கரையேறிய நாட்களை அறிந்த மீனவனுக்கு இதை விளக்கவும் வேண்டுமோ?

இனி அந்த மீனவன் வீட்டுப் பானையைப் பார்ப்போம். பழவேற்காட்டுக்குத் தெற்கே மீஞ்சூர் வட்டாரத்தில் நகருக்கும் ஆலைக்கும் வயலுக்குமாக நிலத்தடி நீரை அளவுமீறி இறைத்தார்கள். கடல்நீர் உள்ளே புகுந்தது. நல்ல நீர் ஊறிய பூமி உப்பாயிற்று. பிறகு அதே கரையிலே, காட்டுப்பள்ளியில், நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2010இல் திறக்கப்பட்டது. யாருக்காக? சென்னை மாநகருக்காக! முன்னொரு காலத்தில் டச்சுக்காரன் இங்கே கோட்டை கட்டித் துணியைக் கப்பலேற்றிப் போனான். இந்தக் கரைக்கு, பொருளை வழியனுப்புவது பழகிப்போன வேலை போலும்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். நண்டு ஓட்டுக் கூண்டு கிருமியைக் கொல்லும், நஞ்சைப் பிடிக்கும், உப்பை நீக்காது. பழவேற்காட்டின் நோயோ உப்பு. அதற்கு வேறு மருந்து உண்டு: இரு கரித்தகடுகளுக்கு இடையே நீரை ஓடவிட்டுச் சிறிய மின்னழுத்தம் கொடுத்தால், உப்பின் அயனிகள் தகட்டில் ஒட்டிக்கொள்ளும். கடல்நீருக்கு இது ஆகாது; உவர் கிணற்று நீருக்கு ஏற்றது. பிரதீப் குழுவிலிருந்து கிளைத்த நிறுவனம் ஒன்று இந்தத் துறையில் இறங்கியிருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. கிருமியைக் கொல்லும் வெள்ளி, மீன் குஞ்சையும் பாசியையும் மட்டும் தடவிக் கொடுக்குமா? பயன் தீர்ந்த நானோப் பொடி எங்கே கொட்டப்படுகிறது என்று கேட்காத ஆராய்ச்சி, ஏரியை நம்பிய வயிற்றில் அடிக்கும். ஓட்டைக் கைட்டோசானாக்கும் அமிலமும் காரமும்கூட அப்படித்தான். சுத்திகரிக்காமல் ஏரியில் விட்டால், வலையில் இறால் விழாது, இருமல்தான் விழும்!

பழவேற்காட்டிலே 'பாடு' என்று ஒரு முறை உண்டு. இறால் வலை போடும் இடங்களை முறைவைத்துப் பங்கிடுவார்கள். இன்று உனக்கு, நாளை எனக்கு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் மூன்றும் அதன் பழைய உரிமைக்காரர்கள். (அந்தப் பங்கிலும் இடமின்றி, வலையுமின்றி, கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் உண்டு, அது தனியே பேச வேண்டிய வழக்கு.) மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் ஆராய்ச்சியின் பலனுக்கும் பாடு வேண்டாமா? உவர்நீர்க் கருவியை இந்தக் குப்பங்களின் கிணற்றடியிலே வைத்து, ஒரு கோடை முழுதும் சோதிக்கட்டும். ஓட்டுக்கு விலை வைத்து, நண்டு உரிக்கும் பெண்களின் கூட்டுறவிடமே வாங்கட்டும். மேற்கு வங்கத்துக்குப் போன விஞ்ஞானம், கிண்டியிலிருந்து 60, 70 கிலோமீட்டர் வடக்கே வரப் பேருந்து இல்லையா என்ன?