எட்மே மரியொட்

எட்மே மரியொட் (சுமார் 1620 – மே 12, 1684) பிரான்சு நாட்டு இயற்பியலாளரும் கத்தோலிக்கக் குருவும் ஆவார். பாரிசில் 1666ஆம் ஆண்டு நிறுவப்பட்ட அறிவியல் கழகத்தின் தொடக்ககால உறுப்பினர்களுள் ஒருவர். வளிமங்களின் அழுத்தத்தையும் பருமனையும் தொடர்புபடுத்தும் விதி, ஆங்கில நூல்களில் பாயில் விதி என்றும் பிரெஞ்சு நூல்களில் மரியொட் விதி என்றும் வழங்குகிறது. தமிழ்ப் பாடநூல்கள் முன்னதையே பின்பற்றுவதால், இவர் பெயர் நம்மிடையே அதிகம் அறியப்படவில்லை.

வாழ்க்கை

மரியொட்டின் இளமைக்காலம் பற்றிய செய்திகள் மிகச் சிலவே. பிரான்சின் பர்கண்டிப் பகுதியைச் சேர்ந்த இவர், அங்குள்ள டிஜோன் நகரில் வாழ்ந்தார். போன் நகருக்கு அருகிலிருந்த புனித மார்ட்டின் மடத்தின் தலைவராக விளங்கினார். பின்னர் பாரிசுக்குச் சென்று, இறக்கும் வரை அறிவியல் கழகத்தின் பணிகளில் ஈடுபட்டார்.

குருட்டுப் புள்ளி

விலங்குகளின் விழிகளையும் மனித விழிகளையும் அறுத்துப் பார்த்த மரியொட், பார்வை நரம்பு விழிக்குள் நுழையும் இடம் கண்மணிக்கு நேர் எதிரே இல்லை, சற்று மூக்கின் பக்கமாக விலகியுள்ளது என்பதைக் கண்டார். அவ்வாறாயின், ஒரு பொருளின் உருவம் சரியாக அந்த நரம்பின் மீதே விழுந்தால் என்ன நேரும்? நரம்பே பார்வையின் வாயில் என்பதால் அங்கே பார்வை கூர்மையாக இருக்க வேண்டும் என்றே எவரும் எண்ணுவர்.

இதைச் சோதிக்க, கண் மட்டத்தில் ஒரு சிறு வெண்தாளையும், அதற்கு வலப்புறம் ஏறத்தாழ இரண்டு அடி தொலைவில் சற்றுத் தாழ்வாக மற்றொன்றையும் பொருத்தினார். இடக்கண்ணை மூடி, வலக்கண்ணை முதல் தாளின் மீதே நிறுத்தி மெல்லப் பின்வாங்கினார். சுமார் பத்தடி தொலைவை நெருங்கியபோது இரண்டாம் தாள் முற்றாக மறைந்தது. அத்தாள் நான்கு அங்குல அளவினது என்பது கவனிக்கத்தக்கது. (ஒரு தாளில் 8 செ.மீ. இடைவெளியில் இரு புள்ளிகளை இட்டு, ஏறத்தாழ 30 செ.மீ. தொலைவிலிருந்து வலக்கண்ணால் இடப்புள்ளியை மட்டும் நோக்கினால் எவரும் இதைக் காணலாம்.)

1668இல் வெளியான இக்கண்டுபிடிப்பு பெரும் வியப்பை ஏற்படுத்தியது. ஆனால் இதிலிருந்து மரியொட் எடுத்த முடிவு தவறானது. நரம்பு நுழையும் இடத்தில் விழித்திரைக்குப் பின்னுள்ள கோராய்டு படலம் இல்லாததால், பார்வைக்குரிய உறுப்பு அப்படலமே என்று அவர் வாதிட்டார். விழித்திரையே பார்வைக்குரியது என மறுத்த ழான் பெக்கேயின் கருத்தே பிற்காலத்தில் நிலைபெற்றது. அந்த இடத்தில் ஒளியுணரும் உயிரணுக்கள் இல்லாமையே குருட்டுப் புள்ளிக்குக் காரணம்.

வளிம விதி

இராபர்ட் பாயில் இவ்விதிக்கான அளவீடுகளை 1662இல் வெளியிட்டார். மரியொட்டின் "காற்றின் இயல்பு" என்னும் ஆய்வுரை 1676ஆம் ஆண்டைச் சேர்ந்ததாகப் பொதுவாகக் குறிக்கப்படுகிறது. ஆகவே முன்னுரிமை பாயிலுக்கே உரியது. மரியொட் தம் உரையில் பாயிலின் பெயரைக் குறிப்பிடவில்லை.

எனினும் அவரது சோதனை தெளிவானது. ஒரு முனை மூடப்பட்ட 40 அங்குலக் கண்ணாடிக் குழாயில் 27½ அங்குலம் பாதரசம் ஊற்றி, எஞ்சிய 12½ அங்குலத்தைக் காற்றுக்கு விட்டார். குழாயைத் தலைகீழாக்கி, அதன் வாயைப் பாதரசத் தொட்டியில் ஓர் அங்குலம் அமிழ்த்தியபோது, பாதரசம் 14 அங்குலத்தில் நின்றது. காற்று விரிந்து 25 அங்குலத்தை நிரப்பியது. வளிமண்டலம் தாங்கும் பாதரச உயரம் 28 அங்குலம். அதில் 14 அங்குலத்தைக் குழாயிலுள்ள பாதரசமே ஈடுசெய்வதால், உள்ளிருக்கும் காற்றின் அழுத்தம் பாதியானது. பருமனோ இருமடங்கானது. காற்று மேலே செல்லச் செல்ல எவ்வாறு அடர்த்தி குறைகிறது என்பதைக் கணக்கிடவும் அவர் இவ்விதியைப் பயன்படுத்தினார்.

ஆறுகளும் மழையும்

ஊற்றுகளும் ஆறுகளும் மழைநீரால் மட்டுமே உருவாக முடியுமா என்பது அக்காலத்தில் தீராத வினாவாக இருந்தது. பியர் பெரோ 1674இல் இதற்கு ஆதரவாக எழுதியிருந்தார். மரியொட் பாரிசில் செய்ன் ஆற்றின் ஓட்டத்தை மிதவையைக் கொண்டு அளந்தார். மேற்பரப்பில் நீர் விரைவாகவும் ஆழத்தில் மெதுவாகவும் ஓடுவதை உணர்ந்து, கணக்கைக் குறைத்துக்கொண்டார். ஆற்றுப் படுகையில் ஆண்டுக்கு 15 அங்குல மழை எனக் கொண்டாலும், ஆறு சுமந்து செல்வது அதில் ஆறிலொரு பங்கினும் குறைவே எனக் கண்டார். மழை போதுமானது என்பது மட்டுமன்று, மிகுதியும் இருந்தது. நீரியலின் தொடக்க ஆய்வுகளுள் இதற்குச் சிறப்பான இடம் உண்டு.

சர்ச்சைகள்

பொருள்களின் மோதல் பற்றி மரியொட் 1673இல் வெளியிட்ட நூலை நியூட்டன் தமது பிரின்சிப்பியாவில் குறிப்பிடுகிறார். ஆனால் கிறித்தியான் ஐகன்சு, தம்முடைய முடிவுகளை மரியொட் எடுத்துக்கொண்டு நன்றி கூறாமல் விட்டார் எனக் கடுமையாகக் குறைகூறினார். இக்குற்றச்சாட்டு 1690இல், மரியொட் இறந்த பின்னர் எழுதப்பட்டதால், அவரது மறுமொழி நமக்குக் கிடைக்க வழியில்லை.

நியூட்டனின் நிறக் கொள்கையையும் மரியொட் சோதித்தார். முப்பட்டகத்தால் பிரித்த ஊதாக் கதிரை மீண்டும் ஒரு முப்பட்டகத்தில் செலுத்தியபோது வேறு நிறங்களும் தோன்றவே, 1681இல் அக்கொள்கையை மறுத்தார். நிறங்கள் முழுமையாகப் பிரிக்கப்படாமையே இதற்குக் காரணம். சிறந்த சோதனையாளர் எனப் பெயர் பெற்றவரின் சொல் என்பதால், பிரான்சில் நியூட்டனின் கொள்கை ஏற்கப்படுவது பல ஆண்டுகள் தாமதமாயிற்று.

இறுதிப் படைப்பு

"நீரின் இயக்கம்" என்னும் நூல், அவர் இறந்தபின் 1686இல் பிலிப் டெ லா ஈரின் பதிப்பாக வெளிவந்தது. குழாய்கள் நீரழுத்தத்தைத் தாங்கும் வலிமை, வளையும் உத்திரங்கள் எவ்வாறு முறிகின்றன என்பவையும் அதில் ஆராயப்பட்டுள்ளன. பிந்தைய ஆய்வில், முறிவதற்கு முன் உத்திரத்தின் இழைகள் நீள்கின்றன எனக் காட்டி, கலிலியோவின் கணக்கைத் திருத்தினார். அவருடைய படைப்புகளின் தொகுப்பு 1717இல் லைடன் நகரில் அச்சிடப்பட்டது. நிலவின் மறுபக்கத்திலுள்ள ஒரு கிண்ணக்குழிக்கு மரியொட் என்று பெயரிடப்பட்டுள்ளது.