அறைச் சுவரின் வர்ணமும் வெளிச்சமும்

கொச்சியின் தேவரா போன்ற காயலோரப் பகுதிகளில் தென்மேற்குப் பருவமழை ஜூன் முதல் செப்டம்பர் வரை நீடிக்கிறது. வானம் மூடியிருக்கும் அந்நாட்களில், ஜன்னலுக்கு அப்பால் அமர்ந்த மாணவன் பகலிலும் கண்ணை இடுக்கிக்கொண்டு படிப்பதை ஆசிரியர்கள் கண்டிருப்பர். ஜன்னலைப் பெரிதாக்குவது எளிதன்று. சுவரின் வர்ணத்தை மாற்றுவது எளிது. வெளிர்மஞ்சளையும் கரும்பச்சையையும் ஒப்பிட்டால் இது விளங்கும்.

வெளிர்மஞ்சள் சுவர் தன்மீது விழும் ஒளியில் ஏறத்தாழ 70 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும்; கரும்பச்சைச் சுவரோ சுமார் 10 சதவீதத்தையே திருப்பும். எஞ்சியதைச் சுவர் கிரகித்துக்கொள்ளும். அறையின் மூலைக்கு வரும் ஒளியில் பெரும் பகுதி சுவர்களில் பலமுறை மோதி வருவதே. இருமுறை மோதியபின், 100 பாக ஒளியில் முன்னதில் 49 பாகமும் பின்னதில் 1 பாகமுமே மிஞ்சும். ஆகவே ஜன்னலருகே சிறிதாகத் தோன்றும் வேற்றுமை மூலையில் மிகுந்துவிடுகிறது.

கரும்பச்சை அறையைக் குளிர்விக்கும் என்பது பலரின் எண்ணம். கண்ணுக்கு அவ்வாறு தோன்றலாம். வெப்பமானியில் அது புலப்படாது. வெயில் நேரே படும் கூரையையும் வெளிச்சுவரையும் வெள்ளையடிப்பதே வெப்பத்தைக் குறைக்கும் வழியாகும்.

எனினும் கருநிறத்திற்கும் இடமுண்டு. பிள்ளைகளின் கை படும் அடிச்சுவரில், தரையிலிருந்து மூன்றடி உயரம் வரை அதைப் பூசலாம், அழுக்குத் தெரியாது. மேற்சுவரும் உட்கூரையும் வெளிர்நிறமாகவே இருத்தல் வேண்டும். கரும்பலகையைச் சூழ்ந்த சுவர் மட்டும் சற்று மங்கலாக இருப்பின் கண் கூசாது.

ஈரம் ஊறும் சுவரில் எண்ணெய் வர்ணம் பூசினால் நீராவி வெளியேற வழியின்றி வர்ணம் உரிந்துவிடும். வேம்பநாட்டுக் காயலின் கிளிஞ்சல்களைச் சுட்டுப் பெறும் சுண்ணாம்பு இத்தகைய சுவருக்கு ஏற்றது. அது ஈரத்தை வெளியேற விடுவதுடன், தன் காரத்தன்மையால் பூஞ்சணம் படர்வதையும் தடுக்கிறது. வெளிர்நிறச் சுவரில் பூஞ்சணம் தோன்றினாலும் உடனே கண்ணில் படும்.

வர்ணம் தீட்டுமுன் ஓர் எளிய சோதனை செய்க. இரு பெரிய அட்டைகளில் இரு வர்ணங்களையும் பூசி, மழை நாளொன்றில் அறையின் இருண்ட மூலையில் சாய்த்து வைத்து, ஒவ்வொன்றின் அருகிலும் பாடநூலைப் பிரித்துப் படித்துப் பார்க்க. கடையின் விளக்கொளியில் தேர்ந்த வர்ணத்தைவிட, மாணவன் அமரும் இடத்தில் தேர்ந்த வர்ணமே பயன் தரும்.