வளவின் மகளும் லயத்து மக்களும்

இங்கிலாந்தில் அரச விழாக்களை நடத்தும் பதவி 1672 முதல் நோர்போக் கோமகன் குடும்பத்துக்குப் பரம்பரை உரிமை. கண்டி இராச்சியத்தில் சட்டப்படி அப்படி இல்லை. திசாவைகளை அரசனே நியமித்தான். ஆனால் பதவிகள் 'ரதல' எனப்படும் சில உயர்குடும்பங்களையே சுற்றிச் சுற்றி வந்தன. 1815இல் கண்டி ஒப்பந்தத்தில் ஒப்பமிட்ட பிரதானிகளில் மாத்தளைத் திசாவை ரத்வத்தையும் ஒருவர். அரசன் போன பின்னரும் பிரித்தானியர் இந்தக் குடும்பங்களைக் கைவிடவில்லை. ரட்டே மகாத்தயா, திசாவை போன்ற பட்டங்களை அப்படியே வைத்துத் தமது நிர்வாகத்துக்குப் பயன்படுத்திக்கொண்டனர்.

அந்த ரத்வத்தை வழியில் வந்தவர்தான் சிறிமாவோ. 1916 ஏப்ரல் 17இல் இரத்தினபுரி எல்லாவல வளவில் பிறந்தார். எங்களுக்கு வளவு என்றால் வீட்டுக் காணி; சிங்களத்தில் 'வளவ்வ' பிரபுக்களின் மாளிகை. தாய் பலாங்கொடை மகவலதென்ன குடும்பத்தவர். 1940இல் தாய்வீடான மகவலதென்ன மாளிகையில் எஸ்.டபிள்யு.ஆர்.டி. பண்டாரநாயக்கவை மணந்தார். மாமனார் சேர் சொலமன், ஆளுநரின் மகா முதலியார். ஒரு பக்கம் கண்டிப் பிரபுத்துவம், மறுபக்கம் கரையோர முதலியார் பரம்பரை.

இந்த மாளிகைகளைச் சுற்றித் தேயிலையும் இறப்பரும். அவற்றின் நடுவே தமிழ்த் தொழிலாளரின் லயங்கள். நுவரெலியாவைப் போல இங்கே தமிழர் திரளாக இல்லை. இரத்தினபுரியிலும் கேகாலையிலும் தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிக் கிடக்கின்றன. அடி விழுந்தால் ஓடி ஒளிய இடமில்லை.

1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் சிறிமாவோ கொண்டுவந்ததல்ல, அது டி.எஸ். சேனநாயக்கவின் வேலை. ஆனால் 1960 யூலையில் உலகின் முதலாவது பெண் பிரதமரானவர், 1964 ஒக்டோபர் 30இல் டெல்லியில் லால் பகதூர் சாஸ்திரியுடன் ஒப்பந்தம் செய்தார். நாடற்றவர்கள் 9,75,000 பேர் எனக் கணக்கிட்டு 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவது என்று முடிவானது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இந்திரா காந்தியுடன் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார். நெல் மூட்டை பிரிப்பதுபோல நடந்தது. தாயகம் எது என்று அந்த மக்களிடம் யாரும் கேட்கவில்லை.

1972, 1975 காணிச் சீர்திருத்தங்கள் பெருநிலக்காரரின் காணிகளையும் கம்பனித் தோட்டங்களையும் அரசுடைமையாக்கின. பிரபு குடும்பத்துப் பெண் பிரபுக்களின் காணியில் கைவைத்தது சாதாரண துணிச்சலல்ல. இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் காணி கிடைத்தவர் வரிசையில் லயத்துத் தொழிலாளி நிற்கவில்லை. பல தோட்டங்களில் வேலை போனது, 1973-74 பஞ்சத்தில் பட்டினிச் சாவுகளும் வந்தன.

அவர் ஆட்சியை இழந்த 1977இல் தோட்டத் தமிழர்மீது வன்முறை பாய்ந்தது. 1981 ஓகஸ்டில் இரத்தினபுரி, காவத்தை, பலாங்கொடை, இறக்குவானைப் பகுதிகள் மீண்டும் எரிந்தன. உயிர் தப்பியவர்களில் பலர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்து காடு வெட்டிக் குடியேறினர். முள்ளிவாய்க்கால் வரை நடந்தவர்களில் அவர்களின் பிள்ளைகளும் உண்டு.

சிறிமாவோ 2000 ஒக்டோபர் 10இல் காலமானார். எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது.